பாதிக்கு மேல் வெளியே

ரவுட்டர் என்றதும்
வைஃபை கடவுச்சொல் கேட்கிறான் ஆர்லெட்டின் மகன்.
இது அதுவல்லடா.
நிமிடத்துக்கு இருபதாயிரம் சுற்று சுற்றி
மேப்பிள் பலகையை மாவாக்கி
என் மூக்கில் அப்பும் கழுதை.

சனிக்கிழமை அது என்னைக் கவிழ்த்தது.
மேசையின் மூன்று ஓரமும்
வெண்ணெயாய் வழுக்கி வந்து
நான்காவது மூலையில்
அடித்தட்டின் முக்கால் பாகம் அந்தரத்தில் நிற்க,
கைப்பிடி இரண்டும் என் பிடியில் இருந்தும்
சாய்ந்தது.
நகக்கண் அளவு சாய்வுதான்.
மரத்தில் விழுந்ததோ
நாய் கவ்விய பிஸ்கட்டைப் போல் ஒரு பள்ளம்.
டுலூத் நகரின் அந்தக் குளிரில், கார் ஷெட்டில்,
நான் உதிர்த்த சொல் ஒன்றுகூட
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள் வாயில் வரக்கூடியதல்ல.

செவ்வாயன்று வந்து சேர்ந்தது புதுத் தட்டு:
கண்ணீர்த்துளி வடிவில் தெளிந்த அக்ரிலிக்,
வால் நுனியில் பிடித்து அழுத்த ஒரு குமிழ்.
"அநேகமாக எல்லா ரவுட்டருக்கும் பொருந்தும்"
என்றது அட்டைப்பெட்டி.
அந்த அநேகமாகவை
எட்டு ஓட்டைகளாகத் துளைத்து அனுப்பியிருந்தார்கள்.
எனக்கு வேண்டியது மூன்று.
இரண்டு பொருந்தின.
மூன்றாவது, பாதி தள்ளி நின்று
கதவிடுக்கில் பார்ப்பதுபோல் பார்த்தது.

பழைய தட்டைக் கழற்றினேன்.
கறுப்பு வட்டம், பத்து வருடத் தேய்மானம்.
அதையே புதியதன் முதுகில் நாடாவால் ஒட்டி
மூன்றையும் புதிதாய்த் துளைத்தேன்,
மெதுவாக, மிக மெதுவாக.
அவசரப்பட்டால் அக்ரிலிக் உருகி
துளைக்கும் கம்பியையே பிடித்துக்கொள்ளும்.
திருகின் தலை புதையக் குழியும் பறித்தாயிற்று.

இப்போது திருகு எட்டவில்லை.
புதுத் தட்டு பழையதைவிடத் தடிமன்,
இதை யாராவது பெட்டியில் எழுதியிருக்கலாம்.

டெல்மாரின் கடையில் நீளமானது ஒன்று கிடைத்தது.
இரண்டு சுற்று சிரித்துக்கொண்டே போய்
மூன்றாவதில் பல்லைக் கடித்தது.
"திருப்பாதே லோர்னா, புரி போய்விடும்.
அது மில்லிமீட்டர்" என்றான்.

இந்த ஊரே அங்குலத்தில் வாழ்கிறது.
ஏரிப் பனியை அங்குலத்தில் அளந்துதான்
அதன்மேல் லாரியை இறக்குகிறோம்.
என் கழுதையின் வயிற்றில் மட்டும்
மூன்று வெளியூர்த் துளைகள்.

"நாலாக வாங்கிக்கொள்,
ஒன்று எப்படியும் கீழே விழும்."
விழுந்தது.
பனி அள்ளும் இயந்திரத்துக்கு அடியில் எங்கோ
வசந்தத்துக்காகக் காத்திருக்கிறது.

மூன்றும் இறுகின.
நடுத்துளை மயிரிழை விலகியிருப்பதைப்
பார்த்துவிட்டேன், பார்க்காமலே இருந்திருக்கலாம்.
இன்றைக்குப் பரவாயில்லை:
அலகின் நுனியிலுள்ள பேரிங்
தட்டிடம் எதுவும் கேட்பதில்லை,
மரத்தைத் தடவியபடி போய்விடும்.
நேர்ச்சட்டம் வைத்து ஓட்டும் நாளில்தான்
அந்த மயிரிழை வாயைத் திறக்கும்.
அதற்காக மார்க்கரில் ஓர் அம்பு வரைந்தேன்:
எப்போதும் இந்தப் பக்கம் சட்டத்தோடு.

பிறகு அந்த மூலை.
இடது உள்ளங்கை குமிழின் மேல்,
என் எடை முழுதும் மரத்தின் பக்கம்.
வெளியே தொங்கியது தொங்கட்டும்.
ஆடவில்லை.
கைக்குழந்தையின் கன்னம்போல் வளைந்து வந்தது ஓரம்,
சனிக்கிழமைப் பள்ளத்தைத் தவிர.
"அந்த மூலை சுவர் பக்கம் போகட்டும்"
என்றாள் ஆர்லெட்.
கூலியில் ஐந்து டாலர் குறைத்தாள்.

மறுநாள் காலை, சறுக்கும் மேட்டுத் தெரு.
வண்டியைத் திருப்புகிறேன்.
பின்சக்கரத்துக்கும் அப்பால்
பத்தடிப் பேருந்து அந்தரத்தில் வீசி வருகிறது,
கண்ணாடியில் தெரிகிறது.
கடைசி வரிசையில் மூன்று தடிப்பயல்கள்.
"முன்னால் வந்து உட்காருங்கள்."
"ஏன்?"
"எடை" என்றேன்.
முணுமுணுத்துக்கொண்டே வந்தார்கள்.